பழைய காரும் போர் தண்ணியும் தொப்பூர் இறக்கமும்: வீட்டு வாசலில் பார்த்த வேலைகள்

தர்மபுரியிலிருந்து

பழைய கார் கைக்கு வந்ததும் சீட் கவர், ஸ்டீரியோ என்று ஓடாதீங்க. என்ஜின் மூணு மணி நேரமாவது ஆறின பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்க. கழுத்தில் வெள்ளையாக உப்பு படிந்து, உள்ளே செங்கல் கரைத்த மாதிரி தண்ணி இருந்தால், அந்த வண்டி கூலன்ட்டே (என்ஜினைக் குளிர்விக்க விற்கிற திரவம்) பார்க்காமல் போர் தண்ணியில் ஓடியிருக்கு. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்திலும் இது சகஜம். இங்கே தண்ணி என்றாலே ஃப்ளோரைடு பேச்சுதான் வரும். அது பல்லுக்கும் எலும்புக்கும் வினை. ரேடியேட்டரைக் கெடுக்கிறது கடின நீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும். சூடு ஏற ஏற அது சுண்ணாம்பாகப் பிரிந்து, அலுமினியக் குழாய்களின் உள்பக்கம் ஓடு கட்டிடும். சமதளத்தில் என்ஜின் சூடு காட்டும் முள் ஒழுங்காக நிற்கும். சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றத்தில் ஏசி போட்டு நாலு பேரோடு வரும்போதுதான் மேலே ஏறும்.

கழுவுகிற முறை: ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைங்க. ரேடியேட்டர் அடியில் பிளாஸ்டிக் வடிகால் திருகு இருக்கும். பழசாகி இருந்தால் கையோடு உடைந்து வரும், அதனால் புதுத் திருகும் அதன் ரப்பர் வளையமும் வாங்கி வைத்துக்கொண்டு கையை வைங்க. திருகு இல்லாத காரில் கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தலாம். வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிற்கும் வரை ஐடிலில் விட்டு, முழுசா ஆறவிட்டு மறுபடி வடிங்க. தெளிந்த தண்ணி வரும் வரை இதே வேலைதான். மோசமான வண்டிக்கு நாலு தடவைகூட ஆகும். அவசரப்பட்டுச் சூடான பிளாக்கில் பச்சைத் தண்ணியை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் கோணிக்கும்.

ஓடு கெட்டியாக இருந்தால் மளிகைக் கடையில் விற்கிற எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்), லிட்டருக்கு 10 கிராம், இருபது நிமிஷம் ஓடவிட்டு வடித்து, மூணு தடவை டிஸ்டில்டு வாட்டரில் அலசணும். ஒரு எச்சரிக்கை: ரொம்பப் பழைய ரேடியேட்டரில் அந்த ஓடுதான் பொத்தலை அடைத்து வைத்திருக்கும். கழுவின மறுநாள் ஒழுகினால் கழுவினதைத் திட்டாதீங்க. ஓட்டை ஏற்கெனவே இருந்ததுதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து, கேள்வி

கழிவறை கழுவும் ஆசிட்டைக் கொஞ்சம் கலந்து விட்டால் ஒரே தடவையில் போய்விடும் என்கிறார்கள். ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து

ஆசிட் வேண்டவே வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுண்ணாம்பைத் தின்ற கையோடு அலுமினியத்தையும் தின்றுவிடும். காஸ்டிக் சோடாவும் அதே கதை. வீட்டு ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் முழுக்கப் போகவில்லை. வழியில் ஆபத்துக்கு ஊற்றலாம், நிரந்தரமாக வேண்டாம். பேட்டரிக் கடையில் 5 லிட்டர் கேனில் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கிறது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் அதுவும் ஒன்றல்ல.

பலரும் கோட்டை விடும் இடம் கலவைக் கணக்கு. என்ன வடித்தாலும் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் தங்கிவிடும். அதன் மேல் கலந்து விற்கும் கூலன்ட்டை ஊற்றினால் அது நீர்த்துப் போகும். ஆகவே செறிவு கூலன்ட் வாங்குங்கள். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்றால், முதலில் செறிவு 2 லிட்டர், பிறகு கழுத்து வரை டிஸ்டில்டு வாட்டர். தங்கிய தண்ணீரும் சேர்ந்து பாதிக்குப் பாதி ஆகிவிடும். பச்சை, நீலம், ரோஸ் எல்லாம் வெறும் சாயம். நிறத்தைப் பார்த்து வகை சொல்ல முடியாது. கையேட்டில் சொன்ன வகைதானா என்று டப்பாவைப் படித்து வாங்குங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

காற்று வெளியேற்ற, வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, ஆறிய என்ஜினில் மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும் வரை மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடவும். ஃபேன் எந்த நேரமும் திடீரென்று சுற்றும். கை, துண்டு, வேட்டி நுனி எல்லாம் தள்ளியே இருக்கட்டும். முள் மேலே போயும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. மூடி மாற்றினால் பழைய மூடியில் இருக்கும் அழுத்த எண்ணையே (0.9 அல்லது 1.1) பார்த்து வாங்குங்கள்.

வடித்த கூலன்ட்டை வாசலில் விடாதீர்கள். அதில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கும், ஆடு குடிக்கும், இரண்டுக்கும் விஷம்.

ஓசூரிலிருந்து

ஒன்று விட்டுப்போச்சு. பழைய வண்டிகள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டே (என்ஜின் சூடான பிறகுதான் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) இருக்காது. "சூடாகுது" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அனுப்புகிற பழக்கம் உண்டு. டிசம்பர் மாத ஓசூர்க் காலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டியும் முள் எழாமல் கிடந்தால் அதுதான் காரணம், அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. என்ஜின் குளிர்ந்தே இருக்கிறது என்று ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகத் தள்ளும், மைலேஜ் விழும். புதிதாக வாங்கும் தெர்மோஸ்டாட்டைப் போடும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் டிகிரியில் (82, 88 என்று இருக்கும்) திறக்கத் தொடங்கணும். பாத்திரத்தின் அடியைத் தொடவிட்டால் கணக்கு தப்பும்.

ஃபேன் ஓடவில்லையா? முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) பாருங்கள். அதே எண் கொண்ட ஹார்ன் ரிலேயை மாற்றிச் செருகிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் விடை. அதற்கும் ஓடாவிட்டால் மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள்.

நல்லம்பள்ளியிலிருந்து

ஏற்றத்துக்குக் கூலன்ட் என்றால் இறக்கத்துக்குப் பிரேக் ஆயில். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சரக்கு. டாட் என்பது அதன் தர வகை. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்தக் குறைந்தபட்சம் 155. டாட் 3க்கு 205, 140. கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். டீ நிறத்தில் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்க. சிலிக்கோன் வகையான டாட் 5 இதோடு சேராது.

சின்னக் காருக்கு அரை லிட்டர் போதும். மூடி திறந்து வைத்த பழைய டப்பா வேண்டாம், சீல் உடைக்காததாக இருக்கட்டும். சக்கரத்தில் இருக்கும் ப்ளீடர் திருகு வழியாகப் பழைய ஆயிலை வெளியேற்ற மீன் தொட்டி டியூப், பாட்டில், 8 அல்லது 10 எம்எம் ரிங் ஸ்பேனர், பெடல் மிதிக்க ஒரு ஆள் வேணும். நமக்கு மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அமுக்கும் பிரேக் பம்ப்) வலது பக்கம் என்பதால் பொதுவாகத் தூரமாக இருக்கும் இடது பின் சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். குறுக்காகக் குழாய் போன கார்களில் வரிசை மாறும், கையேடு சொன்னபடி செய்யுங்க. மிதிப்பவர் பெடலைத் தரை வரை அமுக்கக் கூடாது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதியில் துருவும் கசடும் இருக்கும். சீல் அங்கே உரசினால் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்தால் பிரச்சனை தீர்ந்தது. பிரேக் ஆயில் டேங்கில் அளவு குறைய விட்டால் காற்று ஏறி, முதலிலிருந்து எல்லாம் மறுபடி.

பிரேக் பேட் 3 எம்எம்முக்குக் கீழே போனால் மாற்றலாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கேலிப்பர் (பேடை அமுக்கும் கவ்வி) நகரும் பின் இறுகியிருக்கு. துடைத்து, அதற்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ் போடுங்க. வீல் பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி மறுபடி இறுகும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டேங்க் நிரம்பி வழியும், பெயின்ட்டை உரிக்கும். முதலிலேயே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்க.

முடித்ததும் என்ஜின் ஆஃபில் பெடலை ஐந்து தடவை மிதித்து, அமுக்கிப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்க. கால் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் (என்ஜின் ஓடும்போது பெடலை லேசாக்கும் பாகம்) சரி. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைக்கிறவர்களுக்கு இதே பூஸ்டர்தான் இரண்டு மூன்று மிதியில் கைவிடும்.

ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீங்க. ஹாலோ பிளாக் கல் அடுக்கி நிறுத்துவது அதைவிட மோசம், சொல்லாமல் உடையும். ஜாக் ஸ்டாண்ட் வாங்குங்க.

பர்கூரிலிருந்து

கிரானைட் லாரி ஓடுகிற ரோடு. ஏர் ஃபில்டரைக் கிலோமீட்டர் கணக்கில் மாற்றாமல் கண்ணால் பார்த்து மாற்றவும். கம்ப்ரஸர் காற்று உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் தள்ளி நின்று. ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் விரலை விட்டுப் பாருங்கள். தூசி ஒட்டினால் பெட்டியின் கிளிப்பு உட்காரவில்லை அல்லது ரப்பர் விளிம்பு மடங்கியிருக்கிறது. அந்தத் தூசி பிஸ்டன் ரிங்கை அரைத்துவிடும்.

பாலக்கோட்டிலிருந்து

புளியமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். மாவிலை மேலேயே நிற்கும். புளிய இலை பொடிப்பொடியாக உள்ளே இறங்கி, இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகாலை அடைத்துவிடும். மழைத் தண்ணீர் புளோயர் வழியாக முன் சீட்டின் காலடிக்கு வரும். கண்ணாடி ரப்பர் ஒழுகுகிறது என்று சிலிக்கோன் பூசிக்கொண்டே இருப்பார்கள். பழைய டூத் பிரஷும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும்.

ராயக்கோட்டையிலிருந்து

ஹெட்லைட் மங்கல் என்றால் பல்பை மாற்றும் முன் மல்டிமீட்டர். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட் இருந்து, பல்பு சாக்கெட்டில் 12 மட்டும் வந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒயரிலேயே போச்சு. எர்த் போல்ட்டைத் தேய்த்து இறுக்குங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் லோ பீம், ஹை பீமுக்குத் தனித்தனி ரிலே. அதன் கால்களில் எண் இருக்கும்: 30இல் பேட்டரி, 87இல் பல்பு, 85 எர்த், 86க்குப் பழைய சாக்கெட்டின் ஒயர். ஒயர் 2.5 சதுர எம்எம், ஃபியூஸ் 15 ஆம்பியர், அதுவும் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். சில கார்களில் ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும். மீட்டரில் பார்க்காமல் வெட்டாதீர்கள்.

100/90 வாட் பல்பைப் பழைய சாக்கெட்டில் போட்டால் பிளாஸ்டிக் உருகும். ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் எல்இடி போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைத்தான் குத்தும். 60/55 ஹாலஜனே சரியான வோல்ட்டில் போதும்.