புதுப்பிப்பு: அறுபதைக் கடந்தவர்களுக்குச் சிலம்பம்

அறுபது வயதைக் கடந்தவர்களுக்குச் சிலம்பம் கற்றுத்தர எதையெல்லாம் மாற்றலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். முழங்காலைக் காப்பாற்றுங்கள் என்றே பலரும் சொன்னீர்கள். வகுப்பு இப்போது நன்றாக நடக்கிறது.

சிறுவர்களுக்குக் கம்பைக் கொடுக்கும் முன்பே காலடியைப் பழக்குவோம். அந்த ஒழுங்கை இங்கும் விடவில்லை. நிலையின் தாழ்வை மட்டும் குறைத்தோம். முழங்கால் லேசாக மடங்கினால் போதும். குதித்துத் திரும்பும் இடங்களில் ஒரு காலை ஊன்றி, நிதானித்து, அடுத்த காலை எடுக்கிறார்கள். நெற்றியளவுக் கம்புக்குப் பதிலாக மார்பளவுப் பிரம்பு. வீசும்போது எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லவைக்கிறேன். மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம் அதில் தானாகவே போய்விடுகிறது.

தோள்பட்டை இறுகிப்போன ஓர் அம்மாவால் தலைக்கு மேல் கம்பு சுழற்ற முடியவில்லை. நாற்காலியில் அமர்ந்து மணிக்கட்டுச் சுழற்சியை மட்டும் பழகச் சொன்னேன். இப்போது நின்றபடியே இடுப்பளவில் இரு பக்கமும் மாற்றி வீசுகிறார். பிரம்பு காற்றைக் கிழிக்கும் ஓசை எழும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இப்படிச் சுருக்கினால் கலை கெட்டுவிடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாய் சீ என்பது மெதுவான அசைவுகளால் ஆன சீனத் தற்காப்புக் கலை. அதன் யாங் மரபின் நீண்ட அசைவு வரிசையைச் சீனாவில் 1956-இல் 24 அசைவுகளாகச் சுருக்கினார்கள். உலகெங்கும் முதியவர்கள் அதைப் பழகுகிறார்கள். நீண்ட வரிசையும் அழிந்துவிடவில்லை. நம் கலைக்கும் அந்த வலு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

இருவர் எதிரெதிரே நின்று அடிப்பதும் தடுப்பதும் இன்னும் தொடங்கவில்லை. முதியவர்களுக்கு அதைப் பழக்கிய ஆசான்கள் இருந்தால், எந்த அடியில் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.