புதுப்பிப்பு: பழைய டீசல் எஸ்யூவியில் கறுப்புப் புகை, காரணம் கிடைத்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 2018 மாடல், 1.5 லிட்டர் டீசல் எஸ்யூவி. மேடு ஏறினால் கறுப்புப் புகை, இழுவையும் குறைவு. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டதா, வாங்கலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்கச் சொன்னீர்கள். காலையிலேயே போய் பானெட்டில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் சட்டென்று ஆனது, நீலப் புகையோ வெள்ளைப் புகையோ இல்லை. ஐடிலில் ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவிதான். குபுகுபுவென்று அடித்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம் என்று அங்கேயே திரும்பியிருப்பேன்.

குறையைக் காட்டிக்கொடுத்தது, இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸைப் பார்க்கச் சொன்னவரின் யோசனை. கிளாம்ப் பக்கத்தில் எண்ணெய் ஈரம். மெக்கானிக் ஹோஸை மடக்கியதும் அடிப்பக்கம் வாய் பிளந்தது. டர்போ தள்ளும் காற்று பாதி வழியில் கசிந்தால் டீசல் முழுதாக எரியாது, அதுதான் புகை. டர்போ ஷாஃப்டில் ஆட்டம் இல்லை, அதனால் டர்போ போகவில்லை. ஹோஸை மாற்றி, கரி அப்பிய இஜிஆர் வால்வையும் (வெளியேறும் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது) சுத்தம் செய்தோம். இப்போது இழுவை சரி.

எதிர்பாராதது ஒன்று. ஸ்கேனரில் ஒரு ஃபால்ட் கோடும் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பிழைக் குறியீடு) இல்லை, ஆனால் ஃபால்ட் கோடுகளை அழித்தபின் ஓடிய தூரம் 9 கி.மீ. என்று காட்டியது. யாரோ துடைத்துவிட்டுத்தான் வண்டியைக் காட்டியிருக்கிறார்கள்! அதை வைத்தே விலையைக் குறைத்தேன். வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் செருகும் மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் பலவற்றிலும் இந்தத் தூரத்தைப் பார்க்கலாம்.