அவசரம்: படங்களுக்கு மூலம் எப்படிப் போடுவது?

சுங்கைப்பொண்ணு:
வணக்கம். டீச்சர் என் பாடக் கட்டுரைக் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாப் படத்தையும் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் "சும்பெர்?" (மலாயில் 'மூலம்?') என்று. நான்தான் ஒவ்வொன்றின் கீழும் "கூகுள்" என்று போட்டிருக்கிறேனே. பாட்டி சொன்னதற்கும் மூலம் கேட்கிறார். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மங்குவாளி:
எந்தப் படிவம் (வகுப்பு), என்ன பாடம், என்ன தலைப்பு? மூலம் குறிப்பது ஏபிஏ முறையிலா? ஒன்றுமே சொல்லாமல் அவசரம் என்றால் எப்படிம்மா?

பத்தாங்கட்டை:
மலேசியாவில் 1987 பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. வம்பே வேண்டாம், படங்களை எடுத்துவிடு.

மங்குவாளி:
அண்ணே, அதே சட்டத்தில் ஆராய்ச்சிக்கும் சொந்தப் படிப்புக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் உண்டு. டீச்சர் கேட்பது படம் யாருடையது என்பதை.

ஓய்வாசிரியர்:
கூகுள் ஒரு மூலம் இல்லை என்பது படிவம் ஒன்றிலேயே தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் நூலகத்தில் உட்கார்ந்து அட்டை அட்டையாகக் குறிப்பெழுதியவர்கள்.

லயத்துப்பையன்:
சரிங்க ஐயா, எப்படிப் போடுவது என்றும் சொல்லியிருக்கலாம். தங்கச்சி, கூகுள் தோட்டத்து ரப்பர் பால் லாரி மாதிரி. எந்த மரத்துப் பால் என்று லாரிக்காரரைக் கேட்டு என்ன பயன்? படத்தைத் தட்டி, அது இருக்கும் பக்கத்துக்கே போ. எடுத்தவர் பெயர், ஆண்டு, தலைப்பு, சதுர அடைப்புக்குள் "நிழற்படம்", தளத்தின் பெயர், இணைப்பு. ஏபிஏ ஏழாம் பதிப்பில் இதுதான் வரிசை. எடுத்தவர் தெரியாவிட்டால் தலைப்பு முன்னால் வரும். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தளத்துப் படம் என்றால் உரிமமும் அங்கேயே இருக்கும், அதைப் படத்தின் கீழே எழுது. பாட்டியிடம் பேசியது நீயா?

சுங்கைப்பொண்ணு:
நான்தான், கைப்பேசியில் பதிவு செய்தேன். எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) செஜாரா, அதாவது வரலாறு; ஏபிஏ. தலைப்பு, ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலும், 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும். முகப்பில் இணைத்திருக்கும் இந்த ரப்பர் மரப் படம், கீழே "சுங்கை சிப்புட், 1960".

லயத்துப்பையன்:
அப்படியானால் பாட்டி பெயர், "தனிப்பட்ட தொடர்பு", பேசிய நாள். வரிக்குள் மட்டும். கடைசிப் பட்டியலில் வராது.

ஓய்வாசிரியர்:
பேட்டி கண்டவர்களைப் பட்டியலில் சேர்க்காத கோப்பை நான் திருத்தியதே இல்லை.

லயத்துப்பையன்:
அது பள்ளி கேட்பது ஐயா, ஏபிஏ கேட்பதில்லை. டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், தங்கச்சி.

மங்குவாளி:
பொறுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மரத்தில் கட்டியிருப்பது சிரட்டை. எங்கள் அம்மா முப்பது வருடம் பால் வெட்டினார், எல்லாம் மங்குதான், பால் பிடிக்கும் பீங்கான் கிண்ணம். சிரட்டை கட்டுவது கேரளப் பக்கம்.

பத்தாங்கட்டை:
மங்கு உடைந்தால் இங்கேயும் சிரட்டைதான் கட்டினார்கள்.

மங்குவாளி:
எந்தத் தோட்டத்தில்? கங்காணி சும்மா விட்டாரா?

பத்தாங்கட்டை:
உங்கள் தோட்டம் மட்டும்தான் தோட்டமா?

(இதே சண்டை இன்னும் பதினொரு பதில்கள்)

சுங்கைப்பொண்ணு:
பக்கத்தைத் தேடிப் பிடித்துவிட்டேன். "கோட்டயம், 2011" என்று போட்டிருக்கிறது. நல்லவேளை. முகப்பில் பாட்டியின் பழைய மங்கை நானே படமெடுத்துப் போட்டுவிட்டேன். நன்றி.

பத்தாங்கட்டை:
அந்த மங்கு உள்ளே பச்சையா, வெள்ளையா?