டிஸ்க் வாங்கியும் 62 ஜிபி டவுன்லோடு கேட்கிறது, என்ன செய்வது?

போடிக்காரன்:
வணக்கம். என்னிடம் இருப்பது பிஎஸ்5 ஸ்லிம் கேம் கன்சோல், டிஸ்க் போடும் மாடல். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் ஒரு கேம் வாங்கித் தருகிறேன் என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன். எங்கள் தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 2 ஜிபி. அதனால்தான் ஆன்லைனில் தள்ளுபடி ஓடியும் அதை விட்டுவிட்டு, மதுரைக்குப் பஸ் ஏறிப் போய், கடையில் 4,499 ரூபாய் கொடுத்து டிஸ்க்காக வாங்கினேன்.

வீட்டில் டிஸ்க்கைப் போட்டால் 62 ஜிபி டவுன்லோடு என்று வருகிறது. என் டேட்டாவுக்கு அது 31 நாள். கடைக்குப் போன் செய்தால், பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். தம்பி ஒன்றும் கேட்கவில்லை, பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. டவுன்லோடு இல்லாமல் விளையாட வழி உண்டா?

வட்டுப்பெட்டி:
பதற வேண்டாம் தம்பி. முதலில் அந்த 62 ஜிபி என்ன என்று பார்க்க வேண்டும். நெட் இணைந்திருக்கும்போது டிஸ்க்கைப் போட்டால், டிஸ்க்கிலிருந்து காப்பி ஆவதும் அப்டேட் இறங்குவதும் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிடும். பல கேம்களில் டிஸ்க்கில் இருப்பதே முழு கேம்தான், அப்டேட் இல்லாமலே ஓடும். பிஎஸ்5 டிஸ்க்கில் 100 ஜிபி வரை கொள்ளும் என்பதால் இடம் இல்லை என்ற பேச்சுக்கும் பெரும்பாலும் இடமில்லை.

இப்படிச் செய்து பாருங்கள். டவுன்லோடை நிறுத்தி, கேமை அழித்துவிடுங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் இணையத்தை அணைத்துவிட்டு டிஸ்க்கை மறுபடி போடுங்கள். காப்பி முடிந்ததும் ஸ்டோரேஜில் அந்த கேம் எத்தனை ஜிபி என்று பார்த்துச் சொல்லுங்கள். அந்த எண் தெரிந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

போடிக்காரன்:
செய்தேன் அண்ணா. சில நிமிடத்தில் காப்பி முடிந்தது. 4 ஜிபிதான் காட்டுகிறது. மெனு வருகிறது, ஆனால் புதிய ஆட்டத்தை அழுத்தினால் இணையத்தோடு இணைக்கச் சொல்கிறது.

வட்டுப்பெட்டி:
அப்படியென்றால் டிஸ்க்கில் கேம் இல்லை. அது வெறும் சாவி. கேம் சர்வரில் இருக்கிறது. இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2022-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2-இன் பிஎஸ்5 டிஸ்க்கில் சுமார் 70 எம்பிதான் இருந்தது. 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலில் இதற்கென்றே கேம் கீ கார்டு என்று ஒரு வகை இருக்கிறது. கார்டைச் செருக வேண்டும், கேமையும் டவுன்லோடு செய்ய வேண்டும். அங்கே பெட்டியின் முன்பக்கமே எழுதியிருக்கும் என்பதால் வாங்குகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மற்ற பெட்டிகளில் அது பொடி எழுத்தில் ஒரு மூலையில் கிடக்கும். காசு கொடுத்தவன் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டுமா என்று எனக்கும் கோபம்தான்.

உங்கள் பெட்டியில் அப்படி ஒரு வரி எங்குமே இல்லையென்றால், பில்லை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
போடிக்காரரே, உடனே ஆக வேண்டியதைச் சொல்கிறேன். ஃபைபர் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு பிஎஸ்5-ஐயே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். ஸ்லிம் 3.2 கிலோதான், துண்டில் சுற்றிப் பையில் வைத்தால் போதும். 100 எம்பிபிஎஸ் லைன் என்றால் 62 ஜிபி ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். டிஸ்க்கை மறக்காமல் எடுத்துப் போங்கள், அது உள்ளே இல்லாமல் டவுன்லோடு ஆரம்பிக்காது. ஹெச்டிஎம்ஐ கேபிளும் கன்ட்ரோலரும் கூடவே இருக்கட்டும்.

முக்கியமாக, இறங்கியதும் அப்படியே கிளம்பிவிடாதீர்கள். அங்கேயே முதல் கட்டம் வரை ஒருமுறை ஆடிப் பாருங்கள். சில கேம்கள் உள்ளே போன பிறகு இன்னும் கொஞ்சம் கேட்கும். நான் அப்படி ஒருமுறை பாதி வழியிலிருந்து திரும்பிப் போயிருக்கிறேன்.

இரவு ஆட்டக்காரர்:
இதனால்தான் நான் டிஸ்க்கையே விட்டுவிட்டேன். எப்படியும் டவுன்லோடு செய்யத்தான் போகிறோம் என்றால் தள்ளுபடியில் பாதி விலைக்கு டிஜிட்டலாகவே வாங்கலாம். கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே என்ற அமைப்பை இயக்கி வைத்தால், நெட் இல்லாமலும் ஆடலாம், தம்பி அவன் கணக்கிலிருந்தும் ஆடலாம்.

வட்டுப்பெட்டி:
நெட் இருக்கிறவருக்கு அது சரி. ஆனால் டிஸ்க்கை முடித்துவிட்டு நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்று அடுத்ததை வாங்கலாம். ஒரு டிஸ்க் எங்கள் தெருவில் ஐந்து வீடு சுற்றியிருக்கிறது. டிஜிட்டலில் நாம் வாங்குவது உரிமம்தான். அதை வாங்குகிறவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. ஆனால் சாவி டிஸ்க் விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க முடியவில்லை. சர்வர் மூடிவிட்டால் பிறகு அது பிளாஸ்டிக்தான். 2024 மார்ச் 31-இல் தி க்ரூ கேமின் சர்வரை மூடியபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் ஆட முடியவில்லை.

போடிக்காரன்:
தேனியில் சித்தி வீட்டுக்கு நேற்று தம்பியோடு போய் வந்தேன். அங்கே வேகம் கொஞ்சம் குறைவு, நாலு மணி நேரம் ஆனது. வைகைக்கரை சொன்னது போல அங்கேயே ஆடிப் பார்த்தோம், இன்னொரு 3 ஜிபி கேட்டது. அதையும் இறக்கிவிட்டோம். இப்போது வீட்டில் ஹாட்ஸ்பாட் இல்லாமலே ஓடுகிறது. எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்டியில் அந்த வரி இருக்கிறது, பின்பக்கம் கீழே, கடையின் விலை ஸ்டிக்கருக்கு அடியில். ஸ்டிக்கரைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. அடுத்த முறை வாங்கும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

வட்டுப்பெட்டி:
ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் காட்டுங்கள், இனிமேலாவது வேறு இடத்தில் ஒட்டட்டும். டஸ்இட்ப்ளே என்று ஒரு தளம் இருக்கிறது, டிஸ்க்கை நெட் இல்லாமல் ஓட்டிப் பார்த்து எழுதுகிறார்கள். பஸ் ஏறும் முன் அதில் கேமின் பெயரைத் தேடிப் பாருங்கள்.