நேராக மெடிக்கல் ஸ்கூலா, ஒரு வருடம் கழித்துப் போவதா?

கேள்வி

அமெரிக்காவில் உயிரியல் இளங்கலை, மூன்றாம் ஆண்டு. வரும் ஜூனில் விண்ணப்பம் போட்டால்தான் பட்டம் வாங்கிய கையோடு மெடிக்கல் ஸ்கூலில் சேர முடியும். ஜிபிஏ (மொத்த மதிப்பெண் சராசரி) 4க்கு 3.6. இரண்டாம் ஆண்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி வாங்கினேன், அப்புறம் ஒவ்வொரு செமஸ்டரும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டை மே மாதம் எழுதப் பதிவு செய்துவிட்டேன், ஆனால் போன வாரம் எழுதிய மாதிரித் தேர்வில் 503தான், அது போதாது. படித்துப் புரிந்து பதில் சொல்லும் கார்ஸ் பகுதியில் ஏழாவது பத்திக்கு வந்தபோது ஒரே வரியை மூன்று தடவை படித்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் தன்னார்வ வேலை மொத்தமே 60 மணி நேரம், பெரும்பாலும் சக்கர நாற்காலி தள்ளியதுதான்.

ஒரு வருடம் கேப் எடுக்கலாமா என்று வீட்டில் கேட்டேன். "ஒரு வருஷம் வீணாப் போகுமே, படிக்கிற பழக்கமே விட்டுப்போயிடும்" என்கிறார் அப்பா. அம்மா விரல் விட்டு எண்ணினார்: படிப்பு நான்கு வருடம், அதன்பின் மருத்துவமனையில் பயிற்சி பெறும் ரெசிடென்சி மூன்றிலிருந்து ஏழு வருடம், அதற்குமேல் இன்னும் ஒன்றா என்று. அந்தக் கணக்கில் தப்பு சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில் (மருத்துவம் இரண்டாம் ஆண்டு, இரண்டு வருடம் கேப் எடுத்தவள்)

தம்பி, முதலில் காலண்டரைப் பாருங்கள். இந்த ஜூனில் போட்டால் உங்கள் நான்காம் ஆண்டு மதிப்பெண் ஒன்றுகூட அந்த விண்ணப்பத்தில் இருக்காது. ஏறிக்கொண்டிருக்கும் ஜிபிஏ உள்ளவருக்கு அது பெரிய இழப்பு. ஒரு வருடம் தள்ளினால் முழு நான்காம் ஆண்டும் கணக்கில் சேரும், எம்கேட்டை அவசரமில்லாமல் எழுதலாம், நோயாளிகளோடு இருந்த நேரமும் கூடும். இதில் எது வீண்?

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்க்ரைப் வேலை பார்த்தேன். டாக்டர் பின்னாலேயே போய் அவர் கேட்பதையும் சொல்வதையும் கணினியில் பதிவு செய்யும் வேலை, சம்பளம் குறைவு. ஓர் இரவு வயதான ஒருவருக்கு ஸ்கேனில் கட்டி தெரிந்தது. டாக்டர் உடனே சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் மனைவியும் உட்காரும்வரை காத்திருந்து, பிறகுதான் சொன்னார். சொல்லிவிட்டு நெடுநேரம் பேசவே இல்லை, நானும் டைப் செய்வதை நிறுத்திவிட்டேன். ஏன் டாக்டராக வேண்டும் என்று நேர்காணலில் கேட்டபோது அந்த நாற்காலியைப் பற்றித்தான் பேசினேன். கல்லூரி மூன்றாம் ஆண்டில் என்னிடம் சொல்ல எதுவும் இருந்திருக்காது.

பதில் (இடைவெளி இல்லாமல் போனவன்)

நான் நேராகப் போனேன், வருத்தமில்லை. ஆனால் ஜூன் வருவதற்குள் எம்கேட் முடிந்திருந்தது, பரிந்துரைக் கடிதங்கள் கையில் இருந்தன. உங்கள் நிலைமை அது இல்லை. ஒன்று மட்டும் கவனம்: கேப் எடுத்தால் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது பட்டம் வாங்குவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். "எடுத்துவிட்டுப் பார்க்கலாம்" என்று இருந்த என் நண்பன் ஆறு மாதம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டு ரொம்ப உடைந்துபோனான். பேராசிரியர்களிடம் கடிதத்தை இப்போதே கேட்டுவிடுங்கள், இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் முகமே நினைவிருக்காது. எம்கேட் மதிப்பெண்ணையும் பல மெடிக்கல் ஸ்கூல்கள் இரண்டு மூன்று வருடத்துக்குமேல் ஏற்பதில்லை, அதனால் ரொம்ப முன்கூட்டியும் எழுத வேண்டாம்.

பதில் (இரண்டாம் முறை விண்ணப்பித்தவர்)

உங்களைப் போலவே அரைகுறையாக, வீட்டில் காத்திருக்கிறார்களே என்று, 18 பள்ளிகளுக்குப் போட்டேன். எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக விண்ணப்பிக்கும் ஆம்காஸ் கட்டணமே கிட்டத்தட்ட ஆயிரம் டாலர் வந்தது, அதற்குமேல் ஒவ்வொரு பள்ளியும் தனியாகக் கேட்கும் செகண்டரி விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. ஒரு நேர்காணல்கூட வரவில்லை. மறு வருடம் அதே பள்ளிகளில் சில, "போன தடவைக்குப் பிறகு என்ன மாறியது?" என்று கட்டுரையே கேட்டன. நான் மே மாதம் நிராகரிக்கப்பட்டு ஜூனில் மறுபடி போட்டிருந்தேன், என்னத்தை எழுதுவது? அந்தத் தடவையும் போனது. கேப் வேண்டாம் என்று ஓடியதில் எனக்கு இரண்டு வருடம் போயிற்று. இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் கணக்கில் இது விடுபட்டிருக்கிறது.

கடனைப் பற்றி யாராவது பயமுறுத்தினால்: 2026 ஜூலையிலிருந்து புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் ப்ளஸ் என்ற மேற்படிப்புக்கான அரசுக் கடன் கிடையாது, மருத்துவப் படிப்புக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 என்று வரம்பு. நேராகப் போனாலும் தள்ளிப் போனாலும் உங்களுக்கு இதே விதிதான். 26 வயதுவரை பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் இருக்கலாம், அதனால் அந்தக் கவலையும் வேண்டாம்.

கேட்டவர்

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. கடைசிப் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், "ரெண்டு வருஷமா?" என்று மட்டும் கேட்டார். எம்கேட் தேதியைப் பத்து நாள் முன்புவரை மாற்ற விடுகிறார்கள், ஆனால் தாமதிக்கத் தாமதிக்கக் கட்டணம் ஏறுகிறது, அதனால் இன்றைக்கே மாற்றிவிடுகிறேன். ஸ்க்ரைப் வேலைக்கு முன் அனுபவம் கேட்பார்களா?

பதில் (மருத்துவம் இரண்டாம் ஆண்டு)

என்னிடம் கேட்கவில்லை, அவர்களே பயிற்சி கொடுத்தார்கள். டைப்பிங் வேகம் பார்ப்பார்கள், அதை இப்போதிருந்தே பழகுங்கள். இரவு ஷிஃப்டுக்கும் சரி என்று சொன்னால் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்கள்.