மறு: ‘கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

கலிபோர்னியாவின் மாரின் மாவட்டத்தில் விளைநிலங்களைக் காக்கும் ஓர் அமைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பத்தியிலேயே வண்டி நின்றுவிட்டது. காரணம் தலைப்பில் இருக்கும் சொல்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்தால் மாரின். அதன் மேற்குப் பக்கம் புல் போர்த்திய குன்றுகள், பால்பண்ணைகள், டொமாலஸ் விரிகுடாவில் போய்ச் சேரும் சின்னச் சின்ன ஓடைகள். 1960களில் அங்கே நெடுஞ்சாலையும் புதுநகரமும் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். எதிர்ப்பு வலுத்தது. 1970களின் தொடக்கத்தில், 60 ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்று மாவட்ட நிர்வாகம் விதி கொண்டுவந்தது. விதி என்றால் நாளைக்கு வேறு ஆட்கள் வந்து மாற்றலாம் அல்லவா? பால்பண்ணை நடத்திவந்த எலன் ஸ்ட்ராஸும் தாவரவியலாளர் ஃபிலிஸ் ஃபேபரும் சேர்ந்து 1980-இல் இந்த அமைப்பைத் தொடங்கினார்கள். விளைநிலத்துக்கென்றே அமெரிக்காவில் தோன்றிய முதல் அமைப்பு இது.

இவர்களுடைய முக்கியமான ஆயுதம்தான் நான் சிக்கிக்கொண்ட சொல். பண்ணைக்காரர் நிலத்தை விற்பதில்லை. மாடு மேய்க்கலாம், உழலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம், வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம். துண்டு போட்டு வீடு கட்டும் உரிமையை மட்டும் அமைப்பிடம் ஒப்படைத்துவிடுகிறார். அமைப்பு அதற்கு விலை தருகிறது. உதாரணத்துக்கு, வீடு கட்டலாம் என்றால் 10 லட்சம் டாலர் போகும் நிலம், மேய்ச்சலுக்கு மட்டும் என்றால் 6 லட்சம்தான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் 4 லட்சம்தான் அந்த உரிமையின் மதிப்பு. தானமாகக் கொடுத்தால் வரிச்சலுகை உண்டு. வேடிக்கை என்னவென்றால், உரிமையை வாங்கிய அமைப்பு ஒரு கொட்டகைகூடப் போடாது. யாரும் கட்டாமல் பார்த்துக்கொள்வதற்காகவே அதை வாங்கிப் பூட்டி வைக்கிறது. நிலம் எத்தனை கை மாறினாலும் இந்தப் பூட்டு மாறாது.

சட்ட நூல்களில் ஈஸ்மெண்டுக்கு ‘வசதியுரிமை’ என்று இருக்கிறது. ‘பாதுகாப்பு வசதியுரிமை’ என்று எழுதிப் பார்த்தேன். வங்கி லாக்கர் ஞாபகம் வருகிறது. ‘நிலக் காப்புரிமை’ என்றால் நிலத்துக்குப் பேட்டண்ட் வாங்கிவிட்டார்கள் என்று வாசகர் நினைப்பார். இந்த மாதிரி அமைப்பைக் குறிக்கும் ‘லேண்ட் டிரஸ்ட்’டும் இதே கதைதான். ‘நில அறக்கட்டளை’ என்று போட்டால் யாரோ புண்ணியவான் கோயிலுக்கு நிலம் எழுதிவைத்த மாதிரி இருக்கிறது. யாராவது கைகொடுங்கள்.

*

தம்பிக்கு,

சார்பதிவாளர் அலுவலக வாசலில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவன் நான். ஈஸ்மெண்டை எங்கள் ஊர் விவசாயிக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. சொத்து விவரத்தின் கடைசியில் ‘மாமூல் வழிநடைப் பாத்தியம், வண்டிப்பாதைப் பாத்தியம், வாய்க்கால் பாத்தியம்’ என்று எழுதுவோமே, அதுதான். வசதியுரிமை என்று எந்தப் பத்திரத்திலும் நான் எழுதியதில்லை, எழுதச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

வாங்குகிறவருக்கு என்ன எழுதித் தருகிறோம்? ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’ உங்கள் கலிபோர்னியாக்காரர் அந்தச் சர்வ சுதந்திரத்திலிருந்து ஒரே ஒரு சுதந்திரத்தைக் கிள்ளி இன்னொருவர் கையில் கொடுக்கிறார். ஆகவே ‘காப்புப் பாத்தியம்’ என்று வையுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வாங்க வருகிறவன் கண்ணுக்கு இது வில்லங்கம். ‘காப்பு வில்லங்கம்’ என்று பெயர் வைத்தாலும் தப்பில்லை, ஆனால் அப்புறம் ஒரு பண்ணைக்காரரும் கையெழுத்துப் போட மாட்டார்.

*

வணக்கம். ஐயா சொன்ன பத்திர நடை அருமை. ஆனாலும் எனக்கு இரண்டு மறுப்புகள்.

பாத்தியம் வடசொல். புதிதாக ஆக்கும்போதாவது தமிழ் வேரிலிருந்து ஆக்கலாமே?

இரண்டாவது, வழக்கறிஞராக எனக்கு உறுத்துவது. 1882-ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மெண்ட் சட்டப்படி இதற்கு இரண்டு நிலம் வேண்டும். என் நிலத்தை நான் நன்றாக அனுபவிக்க உங்கள் நிலத்தின் மேல் எனக்கு இருப்பதுதான் பாத்தியம். இந்த அமைப்புக்குப் பக்கத்தில் ஒரு சென்ட் நிலமும் இருக்க வேண்டியதில்லை என்கிறீர்கள். அப்படியானால் பாத்தியம் எங்கிருந்து வந்தது? ‘நிலக்காப்புத் தடை’ என்பது நேராக இருக்கிறது. அமைப்புக்கு ‘நிலக்காப்பகம்’.

*

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> அப்படியானால் பாத்தியம் எங்கிருந்து வந்தது?

இதே கேள்வியை அமெரிக்கச் சட்டக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள் அக்கா. பக்கத்து நிலம் இல்லாதவர் கையில் இருக்கும் ஈஸ்மெண்டை, அதுவும் ‘செய்யாதே’ என்று தடுக்கும் ஈஸ்மெண்டை, பழைய பொதுச்சட்டம் (‘காமன் லா’) சந்தேகத்தோடுதான் பார்த்தது. அதனால்தான் மாநிலங்கள் தனிச்சட்டம் இயற்ற வேண்டிவந்தது. மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொள்வதற்காக 1981-இல் வந்த மாதிரிச் சட்டம், பக்கத்து நிலத்தோடு ஒட்டியிருக்காவிட்டாலும் இது செல்லும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதற்கு முன்பே, 1959-இல், வில்லியம் வைட் என்பவர் நகரத்தை ஒட்டிய திறந்தவெளிகளைக் காப்பது பற்றிய தன் அறிக்கையின் தலைப்பிலேயே ‘கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட்’ என்ற சொற்றொடரைப் போட்டிருந்தார். ஆக, அவர்களும் பழைய சொல்லைத்தான் இழுத்து நீட்டியிருக்கிறார்கள். பாத்தியத்தை நாமும் கொஞ்சம் நீட்டலாம். போகட்டும், நம் 1882 சட்டத்தின் வரையறையிலேயே ‘செய்யும் உரிமை’யோடு ‘செய்யவிடாமல் தடுக்கும் உரிமை’யும் இருக்கிறதே.

> ‘நிலக்காப்புத் தடை’ என்பது நேராக இருக்கிறது.

தடை என்றதும் அரசாங்கம் போட்டது என்றுதான் தோன்றும். இங்கே நிலக்காரர் தானே விரும்பி, பேரம் பேசி, கையெழுத்துப் போடுகிறார். அதைவிட முக்கியம், தடையை யாராவது விலைக்கு வாங்குவார்களா? இது மதிப்புப் போட்டு வாங்கி, பதிவு செய்து, ஒருவர் கையில் வைத்திருக்கும் பொருள். அந்தக் கனம் பாத்தியத்தில் இருக்கிறது, தடையில் இல்லை.

வேர் வடமொழிதான், மறுக்கவில்லை. ஆனால் முன்னொட்டாக நிற்கும் ‘காப்பு’ நம்முடையது. காப்புக்காடு என்று ஏற்கெனவே பழகியிருக்கிறது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதும் எனக்குப் பிடித்த பொருத்தம். ஊரில் நடமாடலாம், வேலை பார்க்கலாம், எல்லை மட்டும் தாண்டக் கூடாது. காப்புக் கட்டிய நிலமும் அப்படித்தான்.

சொல் தாங்குகிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். நியூயார்க் நகரம் நாளொன்றுக்குச் சுமார் 100 கோடி கேலன் தண்ணீர் எடுக்கிறது. அதில் பெரும்பகுதி வடமேற்கே கேட்ஸ்கில் மலைகளிலிருந்தும் டெலவேர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்தும் வருகிறது. மணல் வடிகட்டி வைக்காமல், கிருமிநீக்கம் மட்டும் செய்து குழாயில் விடுகிறார்கள். வடிகட்டும் ஆலை கட்டினால் 600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பதில், தண்ணீர் பிறக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று 1997-இல் மலைப்பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். என் வரைவில் இப்படி எழுதியிருக்கிறேன்:

“விற்க விரும்பியவர்களிடம் மட்டும் நகரம் நிலத்தை வாங்கியது. நிலத்தை விட மனமில்லாத பண்ணைக்காரர்களிடமிருந்து காப்புப் பாத்தியம் வாங்கப்பட்டது. மாடு அங்கேயே நின்றது, தண்ணீரும் கலங்கவில்லை.”

வாசித்துப் பார்த்தேன், இடறவில்லை. ‘காப்பு வசதியுரிமை வாங்கப்பட்டது’ என்று மாற்றிப் படித்தேன், அரசாணை வாசனை அடித்தது.

> அமைப்புக்கு ‘நிலக்காப்பகம்’.

காப்பகம் என்றால் ஆதரவற்ற குழந்தைகள் நினைவுதான் வருகிறது அக்கா. அமெரிக்காவில் இவை பெரும்பாலும் சட்டப்படி டிரஸ்டுகூட இல்லை, லாபநோக்கற்ற நிறுவனங்கள். 1891-இல் மாசசூசெட்ஸில் இந்த வகையில் முதல் அமைப்பு உருவாகக் காரணமாக இருந்த சார்லஸ் எலியட், நூலகம் புத்தகங்களையும் அருங்காட்சியகம் ஓவியங்களையும் வைத்திருப்பதுபோல அழகான நிலங்களை மக்களுக்காக வைத்திருக்க ஓர் அமைப்பு வேண்டும் என்றார். ‘நிலக்காப்பு அறக்கட்டளை’ என்றே வைத்துக்கொள்கிறேன். நம் ஊரில் அறக்கட்டளை என்ற பெயரில் நடப்பவையும் எல்லாம் டிரஸ்டா என்ன?

இன்னும் சில உதிரிகள். பாத்தியம் எழுதும் நாளில் நிலம் எப்படி இருந்தது என்று படம், வரைபடத்தோடு ஒரு பதிவு தயாரிப்பார்கள். அப்புறம் வருஷாவருஷம் ஆள் போய் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். முதலாவதுக்குத் ‘தொடக்கநிலைப் பதிவு’ போதும். இரண்டாவதற்கு ‘அடங்கல்’ என்று போட ஆசை. கிராம நிர்வாக அலுவலர் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று எழுதிவைப்பது நினைவுக்கு வரும். ஆனால் அடங்கல் அரசுக் கணக்கு என்பதால் தயங்குகிறேன். ‘ஆண்டுப் பார்வை’ என்று விட்டுவிட்டேன்.

காலவரையறை இல்லை என்பதற்குக் கல்வெட்டுகளில் ‘சந்திராதித்தவல்’ என்று அழகான சொல் இருக்கிறது, சந்திரனும் சூரியனும் உள்ளவரை. கூடவே, இந்தத் தர்மத்தைக் காத்தவன் பாதம் என் தலைமேல் என்றும் வெட்டிவைத்தார்கள். பிற்கால நிலக்காரரிடம் கெஞ்சுவதற்கு அதைவிட நல்ல வாசகம் அமெரிக்கப் பத்திரத்தில் இருக்காது. கட்டுரையில் ‘என்றென்றைக்கும்’ என்றுதான் போட்டேன்.

ஓடையை ஒட்டி வேலி போட்டு, மாடு இறங்காமல், வில்லோ மரம் வளர்க்கும் பட்டைக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை. ‘ஓடைப் புறம்போக்கு’ என்று ஒரு நண்பர் சொன்னார். அது பட்டா நிலம், புறம்போக்கு என்று எழுதினால் பண்ணைக்காரர் சண்டைக்கு வருவார். இப்போதைக்கு ‘கரைக்காப்பு’. வரைவை இணைத்திருக்கிறேன்.

*

தம்பிக்கு,

வரைவு படித்தேன். கரைக்காப்பு சரி. ஆனால் பாத்தியம் வரும் மூன்று இடத்தில் ‘காப்பு பாத்தியம்’ என்று ஒற்றை விட்டிருக்கிறீர்கள். வன்தொடர்க் குற்றியலுகரம், ப் கட்டாயம் வரும். பத்திரத்தில் இப்படி எழுதியிருந்தால் முத்திரைத்தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் வாங்கச் சொல்லியிருப்பேன்.