34 வயதில் பாட்டி – வழி சொல்லுங்கள் அக்கா

போன மாதம் பாட்டியாகிவிட்டேன். அம்மா என்னைப் பெற்றது 16-ல், நான் மகளைப் பெற்றதும் 16-ல். அவளையாவது படிக்கவைக்க நினைத்தேன். பிளஸ் டூ பாதியில், 17 வயதில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். தடுக்காமல் நின்றது என் தப்பு. தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் மலைக்கிராமத்தில் இது யாருக்கும் அதிசயமில்லை.

பேத்தியைக் குளிப்பாட்டும்போது கை நடுங்குகிறது, இவளுக்கும் இதேதானா என்று. மகளுக்கு ரத்தசோகை, பால் கொடுத்துவிட்டு அப்படியே சுருண்டு படுக்கிறாள். ஆனாலும் தனித்தேர்வராகப் பரீட்சை எழுத ஆசைப்படுகிறாள். கைக்குழந்தையோடு எழுதியவர்கள் இருக்கிறீர்களா? எப்படிச் சமாளித்தீர்கள்?

சின்னவளுக்கு 14. மாமியார் அதற்குள் மாப்பிள்ளை பேச்சு எடுக்கிறார். 18 ஆகாமல் கட்டிவைப்பது 2006 சட்டப்படி குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம் என்று தெரியும். கூப்பிட்டால் நான்தான் சொன்னேன் என்று வீட்டில் தெரிந்துவிடுமா? அழைத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.